பின் டிஸ்க் பிரேக் விடாமல் பிடிக்கிறதா?

பழைய காரை சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஒரு சுற்று ஓட்டி வந்ததும் பின்சக்கரம் மட்டும் கொதிக்கிறதா? முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கியை நம்பவே நம்பாதீர்கள்), ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இறுக்கமா? முதலில் ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்துங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் காலிப்பரின் (டிஸ்கைப் பிடிக்கும் பாகம்) பிளீடர் நிப்பிளை (பிரேக் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) மெல்லத் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் லேசானால் அழுத்தம் திரும்பவில்லை என்று அர்த்தம்; காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கும், இல்லாவிட்டால் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ்ராடில் ஃப்ரீ பிளே (சிறு இடைவெளி) இருக்காது. லேசாகவில்லையா, காலிப்பரின் பிஸ்டனோ, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னோ துருவேறி இறுகியிருக்கிறது. நம் கடற்காற்றில் இது சகஜம்தான்.

காலிப்பருக்கான சீல் கிட்டை (ரப்பர் சீல்கள் அடங்கிய தொகுப்பு) சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடுங்கள். ஹோஸை மட்டும் எங்கேயும் பழையதாக வாங்காதீர்கள்.