மனோதர்மம் கற்க ஊருக்குப் போகிறவர்களுக்கு

மனோதர்மம் என்றால் கர்நாடக இசையில் அந்த நேரத்தில் தானே கற்பனை செய்து பாடுவது. ஸ்வரங்களைக் கோத்துப் பாடினால் கல்பனாஸ்வரம், ஒரு பாட்டு வரியை விரித்துப் பாடினால் நிரவல், சொல்லில்லாமல் ராகத்தை விரித்தால் ஆலாபனை. இவற்றைப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் அமெரிக்காவிலிருந்து சென்னைக்குப் போகிறீர்கள் என்றால் மார்கழியில் போகாதீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து பாட்டு வாத்தியார்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தாங்களும் பாட வேண்டும், சிஷ்யர்களின் கச்சேரிக்கும் போய் உட்கார வேண்டும், காலையில் மியூசிக் அகாடமியில் லெக்டெம் (பாடிக் காட்டி விளக்கும் உரை). அது கேட்பதற்கான மாதம். கற்பதற்கு ஆடிதான் சரி. அமெரிக்காவில் கோடை விடுமுறை. ஊரில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் மண்டபம் மண்டபமாக யாரும் உங்களை இழுக்க மாட்டார்கள். இந்தக் கணக்கில்தான் நாங்களும் போனோம்.

ஏற்கெனவே இயற்றி வைத்த வர்ணம், கிருதியெல்லாம் ஆன்லைனிலேயே ஓரளவு வந்துவிடும். மனோதர்மத்துக்கு எதிரே உட்கார்ந்தால்தான் ஆகும். வாத்தியார் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) பாடி முடிக்கும்போதே, தாளம் விடாமல் பிள்ளை அடுத்ததை எடுக்க வேண்டும். இணையத்தில் குரல் எப்போதும் சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். அந்த இடைவெளியில் தாளம் கழன்றுவிடும்.

மயிலாப்பூரில் என் மகளுக்குக் கிடைத்த ஆசிரியை முதல் நாளே நோட்டை மூடி வைக்கச் சொன்னார். ராகம் மோகனம், ஆதி தாளம். பல்லவி, அதாவது பாட்டின் முதல் வரி, காந்தாரத்தில் (க) தொடங்குகிறது. எடுப்பு, அதாவது தாளத்தில் அந்த வரி தொடங்கும் இடம், முதல் தட்டிலிருந்து அரை இடம் தள்ளி. மோகனத்தில் ஐந்தே ஸ்வரம். அதிலும் ஸ, ரி, க மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அரை ஆவர்த்தனம் பாடு, ரிஷபத்தில் (ரி) முடி, அப்போதுதான் காந்தாரம் இயல்பாக வந்து சேரும் என்றார். பஞ்சமத்தை (ப) தொட்டால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். கேட்கச் சின்ன வேலை. பிள்ளை திணறிப்போனாள். ரிஷபத்தில் முடிந்தால் இடம் தவறும், இடம் சரியாக விழுந்தால் ஸட்ஜத்தில் (ஸ) முடிந்திருக்கும். ஒரு நாள் காலையில் இரண்டும் சேர்ந்து விழுந்தன. ஆசிரியை தலையை ஆட்டிவிட்டு, "சரி, இனி பஞ்சமம்" என்றார். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் பத்திரிகை வந்தது. பெரியப்பாவுக்கு எழுபது, திருக்கடையூரில் பீமரத சாந்தி. அவர் ஆடியில் பிறந்தவர். பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் செய்கிறார்கள். பத்திரிகையில் என் மகள் பெயரோடு "கர்நாடக இசைக் கச்சேரி, மாலை 6 மணி" என்று அச்சாகியிருந்தது. எங்களை யாரும் கேட்கவில்லை. வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் அட்வான்ஸ் கொடுத்தாச்சு என்றார் பெரியம்மா போனில். "அவ இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கா பெரியம்மா" என்றேன். "அங்க பாடுறவ எங்களுக்குப் பாட மாட்டாளாப்பா?"

அதற்கு என்ன சொல்வது? என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர் பெரியப்பா. அவருக்கு ஆபரேஷன் நடந்தபோது நான் வரவில்லை. வெளியே போய்விட்டவர்களுக்கு ஒவ்வொரு சொந்தத்திடமும் இப்படி ஒரு வராத நாள் பாக்கி நிற்கிறது. அதனால்தான் "முடியாது" என்று வாயில் வருவதில்லை.

விஷயத்தைச் சொன்னதும் ஆசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டைத் திறக்கச் சொல்லி ஸ்வரங்களை எழுதிக் கொடுத்தார். கீழ்க்காலம் (மெதுவான வேகம்), மேல்காலம் (அதைவிட விரைவு), கடைசியில் தாளக் கணக்கோடு முடிக்கும் ஒரு கோர்வை. மீதி நாளெல்லாம் மனப்பாடம். பஞ்சமமும் தைவதமும் (த) வந்துவிட்டன. அவளாகத் தேடிப் பிடித்தது எதுவுமில்லை.

கச்சேரியில் வீடியோக்காரர் விளக்கு நேரே கண்ணில். பக்கத்துக் கூடத்தில் பந்தி. மேல்காலத்தில் ஒரு வரி மறந்தது. மனப்பாட ஸ்வரத்தில் ஓர் இடம் விட்டால் அடுத்தது வராது. மிருதங்கக்காரர் தாளத்தை விடாமல் காத்திருந்தார். அவள் கொஞ்சம் தடுமாறிவிட்டுப் பல்லவிக்கு வந்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கண்ணீரில் ஒரு குறையும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் காரில் அவள் கேட்டாள்: "ஸ ரி க எனக்குத் தெரியுமேப்பா, ஏன் அங்க வரல?" இன்னும் ஒரு மாதம் அதே மூன்று ஸ்வரத்தில் இருந்திருந்தால் வந்திருக்கும்.

ஆகவே, சொந்தங்களுக்குக் கடைசி வாரத்தைக் கொடுங்கள். டிக்கெட் போட்ட அன்றே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்பது பிள்ளையின் குரலைத்தான், கல்பனாஸ்வரத்தை அல்ல. தாளமில்லாமல் ஒரு செய்யுளை ராகத்தில் பாடும் விருத்தம் போதும். திருக்கடையூர் என்றால் அபிராமி மேல் ஓர் அந்தாதிச் செய்யுள். விருத்தமும் மனோதர்மம்தான், ஆனால் அதில் இடம் தவற வழியில்லை.

அந்தப் பக்கம் போனால் கோயிலில் நாகஸ்வரம் கேட்காமல் வராதீர்கள். தோடி ராகத்துக்குப் பேர்போன நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறையும் அந்த வட்டாரம்தான். எங்கள் விசேஷத்திலும் ஹோமம் நடக்கும்போது ஒருவர் நிதானமாகத் தோடி வாசித்தார். சுற்றிலும் பேச்சு சத்தம். அவர் எதற்கும் அவசரப்படவில்லை.

இன்னொன்று, ஆசிரியரிடம் பல்லவி வரியைத் தாளத்தோடு பதிவு செய்து தரச் சொல்லுங்கள். ஒரு முறை வரி, அடுத்து வெறும் தாளம் மட்டும் ஒரு ஆவர்த்தனம், மறுபடி வரி, இப்படி அரை மணி நேரம். அந்த வெற்று ஆவர்த்தனத்தில் பிள்ளை பாடிக்கொள்ளலாம், இணையத் தாமதம் குறுக்கே வராது. அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். எங்களுக்கு அதற்கு நாள் இல்லாமல் போய்விட்டது. நீங்கள் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.