ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது

'7 நாள் இலவசம்' என்று கார்டு விவரம் கொடுத்துச் சேர்ந்த ஆப்பை, பிடிக்கவில்லை என்று போனிலிருந்து தூக்கிவிட்டால் கணக்கு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. சந்தா இருப்பது ஆப்பில் அல்ல, உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில். ஆப் போனாலும் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', அதற்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'. வேண்டாததைத் தொட்டு ரத்து செய்யுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், பிறகு 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்'.

பட்டியல் காலியாக இருக்கிறதா? உடனே நிம்மதி அடைய வேண்டாம். போனில் இரண்டு ஜிமெயில் இருந்தால் மற்றதற்கு மாறிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகக் கார்டு கொடுத்திருந்தால் இந்தப் பட்டியலில் வரவே வராது. அந்தத் தளத்தில் லாகின் செய்து, கணக்குப் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும்.

கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். இலவசக் காலம் முடிய குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்யச் சொல்கிறது ஆப்பிள். சேர்ந்த அன்றே ரத்து செய்தாலும் பெரும்பாலான ஆப்களை மீதி நாட்கள் பயன்படுத்தலாம். சில மட்டும் அந்த நொடியே கதவைச் சாத்திவிடும். ரத்து செய்யும் திரையில் வரும் தேதியைப் படித்துவிட்டு உறுதி செய்யுங்கள். அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், பிறகு பணம் பிடித்தால் திருப்பிக் கேட்க உதவும்.