நூறு மீட்டருக்கே மூச்சு வாங்குகிறதா? சிங்கப்பூரில் மெதுவோட்டத்தை இப்படித் தொடங்குங்கள்

ஒரு தைப்பூசத்தன்று தம்பி காவடி எடுத்தான். சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அவன் தோளில் காவடியைச் சுமந்து நடந்தான். கூடவே வெறுங்கையோடு நடந்த நான் பாதி வழியில் மூச்சு வாங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அப்போது வயது 41.

அடுத்த வாரமே ஷூ வாங்கிக்கொண்டு பிடோக் நீர்த்தேக்கத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஓடிய ஞாபகத்தில் அதே வேகத்தில் ஓடினேன். இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. விடாமல் தினமும் போனேன். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் அப்படி ஒரு வலி. மூன்று வாரம் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு மறுபடி தொடங்கியபோது ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினேன்: வேகத்தைக் குறைத்தேன். மிக மிகக் குறைத்தேன். நான்கு மாதத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தது. அதனால் இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் அதுதான்.

முதல் படி: உடம்பை ஒருமுறை காட்டிவிடுங்கள்

நம் ஆட்களிடம் நீரிழிவும் இதயநோயும் அதிகம். 40 வயதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பலதுறை மருந்தகத்தில் கேட்கலாம். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்திருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடமே கேட்கலாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் எந்த நேரத்தில் ஓடலாம், முன்னால் என்ன சாப்பிட வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். சில மருந்துகளோடு உடற்பயிற்சியும் சேரும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சட்டைப்பையில் இரண்டு இனிப்பு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், கண் இருட்டுவது இவற்றில் எது வந்தாலும் உடனே நின்றுவிடுங்கள். உட்கார்ந்தும் அடங்கவில்லை என்றால் 995-ஐ அழையுங்கள். ‘வாய்வாக இருக்கும்’ என்று வீட்டுக்கு நடந்து வராதீர்கள்.

இரண்டாம் படி: ஷூ, உடை

முதல் மாதத்தில் முக்கியமாகக் காசு செலவழிக்க வேண்டியது ஷூவுக்குத்தான். குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டரிலும் நொவீனா ஸ்குவேரிலும் விளையாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சாயங்காலம் போங்கள், நாள் முழுவதும் நடந்து கால் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். விலை உயர்ந்ததையோ மெல்லிய பந்தயக் காலணியையோ தேட வேண்டாம். போட்டதும் எங்கும் உறுத்தாத, ஓட்டத்துக்கென்றே செய்த ஒரு ஜோடி போதும்.

பருத்திச் சட்டையும் பருத்திக் காலுறையும் இந்த ஊர் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்போடு ஒட்டும், கொப்புளம் வரும். சீக்கிரம் உலரும் துணியாக வாங்குங்கள். தொடை உரசுமிடத்தில் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். பெண்கள் நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவுக்குத் தயங்காமல் செலவு செய்யுங்கள். அது சரியில்லாமல் தோளும் முதுகும் வலித்து ஓட்டத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும். ஷூவுக்கு அடுத்து அதுதான் முக்கியம்.

மூன்றாம் படி: நேரமும் இடமும்

சிங்கப்பூரில் சூரியன் ஆண்டு முழுவதும் 7 மணிக்குச் சற்று முன்பின் உதிக்கும், 7 மணிக்குச் சற்று முன்பின் மறையும். ஆகவே உங்களுக்கு இரண்டு வாய்ப்பு: காலை 8 மணிக்கு முன், மாலை 6.30-க்குப் பின். காலையில் வெயில் இல்லை, ஆனால் ஈரப்பதம் 90 விழுக்காட்டையும் தாண்டி நிற்கும். வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியானால்தானே உடம்பு குளிரும்? அதனால் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிச் சூட்டை இறக்கப் பார்க்கும், காலுக்குக் கிடைப்பது குறையும். குளிர் நாட்டில் ஒருவர் சுலபமாக ஓடும் வேகமே இங்கே கஷ்டமாக இருப்பது இதனால்தான். அது உங்கள் பலவீனம் இல்லை. இந்தச் சூட்டுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் ஆகும்.

மை-என்வி செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பார்க்கலாம். இது வெறும் வெப்பநிலை இல்லை, ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த டிகிரிக் கணக்கு. 2023-லிருந்து பொதுமக்களுக்கும் தருகிறார்கள். 31-க்குக் கீழே என்றால் தாராளமாகப் போகலாம். 31-க்கு மேல் வேகத்தையும் நேரத்தையும் குறையுங்கள். 33-ஐத் தொட்டால் அன்று வேண்டாம். புகைமூட்ட நாட்களில் பிஎஸ்ஐ என்ற காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் அப்படித்தான். இடி கேட்டால் திறந்த வெளியில் நிற்காதீர்கள், மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள்.

எங்கே ஓடுவது? உங்கள் புளோக்குக்கு மிக அருகில் இருக்கும் பூங்கா இணைப்புப் பாதைதான் சிறந்த இடம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா அழகுதான். ஆனால் போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆகுமென்றால் வாரத்தில் மூன்று நாள் போகமாட்டீர்கள். பக்கத்தில் விளையாட்டரங்கம் இருந்தால் 400 மீட்டர் தடத்தில் சுற்றலாம், தூரத்தைக் கணக்கிடுவது எளிது. இணைப்புப் பாதைகளில் இடப்பக்கமாகவே ஓடுங்கள். சைக்கிள்கள் அங்கே மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வரலாம், எனவே ஒரு காதையாவது இயர்போன் இல்லாமல் திறந்து வையுங்கள்.

நான்காம் படி: இரண்டு வாரம் நடை மட்டும்

ஷூ வாங்கிய கையோடு ஓடத்தான் தோன்றும். ஓடாதீர்கள். வாரம் நான்கு நாள், 30 நிமிடம், எம்ஆர்டி கதவு மூடப்போகும்போது நடப்பீர்களே, அந்த நடை. இரண்டாம் வார முடிவில் 30 நிமிட நடைக்குப் பிறகு கால் சோர்வில்லாமல் இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். இல்லையென்றால் இன்னொரு வாரம் நடங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டமும் நடையும் கலந்து

இனி வாரம் மூன்று நாள். இரண்டு ஓட்ட நாட்களுக்கு நடுவே கண்டிப்பாக ஒரு நாள் இடைவெளி. ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் நடை. நடுவில் செய்ய வேண்டியது இது:

3-ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை
4-ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 10 முறை
5-ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை
6-ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 முறை
7-ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 முறை
8-ஆம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 முறை
9-ஆம் வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 3 முறை
10-ஆம் வாரம்: 15 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 2 முறை
11-ஆம் வாரம்: 20 நிமிடம் நிற்காமல்
12-ஆம் வாரம்: 25 நிமிடம், கடைசி நாள் 30

ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். நான் 7-ஆம் வாரத்தை மூன்று முறை செய்தேன், 8-ஆம் வாரத்தை இரண்டு முறை. பன்னிரண்டு வார அட்டவணை எனக்கு நான்கு மாதம் ஆனது இப்படித்தான்.

ஆறாம் படி: சரியான வேகம் எது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியை வாய்விட்டுச் சொல்லுங்கள்: புளோக் எண், தெருப் பெயர், மாடி, வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. ஒரே மூச்சில் முழுவதும் வந்தால் வேகம் சரி. தெருப் பெயரிலேயே மூச்சு அறுந்தால் வேகம் அதிகம், குறையுங்கள். குறைத்தால் நடப்பவர்கள் உங்களைத் தாண்டிப் போவார்களா? போகட்டும். தொடக்கத்தில் ஓட்டமும் நடையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் இருக்கும். அடியைச் சின்னதாக வையுங்கள், பாதம் உடம்புக்கு நேர் கீழே இறங்கட்டும், தோள் தளர்வாக இருக்கட்டும்.

மெதுவாக ஓடும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது? இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு வாரக்கணக்கில் மெல்லக் கூடுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. உயிர்வளியைக் கொண்டு சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. ‘ஸ்டாமினா’ என்று நாம் சொல்வது இவற்றைத்தான். இவை வளர அடிக்கடி, நீண்ட நேரம் ஓட வேண்டும். வேகமாக ஓடினால் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுவீர்கள், மறுநாள் வலியில் படுத்துவிடுவீர்கள், அந்த நேரம் சேராது.

இன்னொன்றும் இருக்கிறது. மூச்சு சீக்கிரம் தேறிவிடும், ஆறேழு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் எலும்பும் தசைநாரும் தேற மாதக்கணக்கில் ஆகும். ஆகவே 6-ஆம் வாரத்திலிருந்து 8-ஆம் வாரம் வரை மிகக் கவனமாக இருங்கள். ‘இன்று நன்றாக இருக்கிறதே, இன்னும் பத்து நிமிடம் ஓடலாமே’ என்று தோன்றும். மூச்சுதான் அப்படிச் சொல்கிறது, முழங்காலைக் கேட்டால் வேறு சொல்லும். அட்டவணையில் உள்ளதை முடித்ததும் வீட்டுக்கு வந்துவிடுங்கள். தேசிய சேவை முடித்த தம்பிமார்களுக்கும் இதையே சொல்வேன். ஐபிபிடி என்ற ராணுவ உடல்தகுதித் தேர்வுக்கு 2.4 கிலோமீட்டர் ஓட மூன்று வாரம் இருக்கும்போது ஷூவைத் தேடி எடுத்து முழு வேகத்தில் ஓடித்தான் பலர் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஏழாம் படி: ஓடாத நாட்களில்

ஐந்து நிமிடம் போதும். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குங்கள்: 15 முறை, இரண்டு தடவை. அப்புறம் தோப்புக்கரணம் 15. கெண்டைக்காலும் தொடையும் வலுவானால் முன்னெலும்புக்கும் முழங்காலுக்கும் போகும் அதிர்ச்சி குறையும். எனக்கு அந்தப் பழைய வலி திரும்ப வராததற்குப் பாதி காரணம் இதுதான் என்று நம்புகிறேன். மீதிப் பாதி தூக்கம்.

டிசம்பர், ஜனவரியில் மழை விடாமல் பெய்தால் புளோக்கின் கீழ்த்தளத்தில் திறந்திருக்கும் வாய்ட் டெக்கில் சுற்றி நடங்கள், இல்லையென்றால் மாடிப்படி ஏறுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

காலை ஓட்டத்துக்கு அரை மணி நேரம் முன் பாதி வாழைப்பழம் போதும். மாலையில் ஓடுபவர்கள் மதியச் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள். 30 நிமிடத்துக்குள் முடிக்கும் ஓட்டத்துக்கு வெறும் தண்ணீரே போதும். இனிப்புப் பானம் தேவையில்லை. ஓடி முடித்து வந்து மோரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் குடிப்பது என் வழக்கம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த உப்பை விட்டுவிடுங்கள்.

விலாவில் குத்தினால் பயப்படாதீர்கள். நடைக்கு மாறி, வாயால் நீளமாக மூச்சை வெளியே விடுங்கள், அடங்கிவிடும். தசை முழுவதும் பரவலாக வலித்தால் இரண்டு நாளில் போய்விடும். எலும்பில் ஒரே இடத்தை விரலால் அழுத்தினால் சுரீர் என்று வலிக்கிறதா? அப்படியானால் ஓட்டத்தை நிறுத்துங்கள், ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

எட்டாம் படி: 30 நிமிடம் வந்த பிறகு

அடுத்த ஒரு மாதம் அதே 30 நிமிடத்திலேயே இருங்கள். பிறகு வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். அந்த நீண்ட ஓட்டத்துக்கு பிடோக் நீர்த்தேக்கம் எனக்குப் பிடித்த இடம். ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர், நடுவில் சாலையைக் கடக்க வேண்டியதில்லை.

ஆட்களோடு ஓட ஆசை வந்தால் சனிக்கிழமை காலை 7.30 மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடக்கும் பார்க்ரன்னுக்குப் போங்கள். 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. நடந்தே முடிக்கலாம், எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டூழியர் இருப்பார், அதனால் நீங்கள் கடைசி ஆளாக இருக்கவே முடியாது. இணையத்தில் ஒருமுறை பதிந்தால் ஒரு பார்கோடு தருவார்கள். அதை வியர்வையில் நனையாதபடி சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.