இங்கிலாந்துல வீடு பாக்கிற எங்கட ஊர்ப் புள்ளைகளுக்கு: இன்னொருத்தர் பேசி முடிச்ச வீட்டுக்குக் கூட்டிக் கேக்கலாமா?

கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, காரைதீவு எண்டு இலங்கையில எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் புள்ளைகள் கெயார் விசாவிலயும் (பராமரிப்பு வேலைக்குப் போற விசா) படிக்கவும் எண்டு போய், இப்ப கொஞ்சம் காலூண்டி, வாடகை குடுத்தே சம்பளம் கரையுது எண்டு வீடு பாக்க வெளிக்கிட்டிருக்காங்க. மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) எப்பிடி எடுக்கிறது, டிபாசிட் எவ்வளவு வேணும் எண்டெல்லாம் சொல்லித்தர ஆக்கள் நிறைய இருக்காங்க, நான் அதுக்குள்ள போகல்ல. அங்க கனகாலம் இருந்து வீடு வாங்கி வித்து இப்ப கல்லடியில வந்து இருக்கிற எனக்கு வாட்ஸ்அப்ல அடிக்கடி வாற கேள்வி வேற. "அண்ணே, வீடு நல்லாப் புடிச்சிருக்கு, ஆனா அண்டர் ஆஃபர் எண்டு போட்டுட்டாங்க, நாங்க ஒரு பத்தாயிரம் கூட்டிக் குடுத்தா எடுக்கலாமா?"

அண்டர் ஆஃபர் எண்டா இன்னொருத்தர் கேட்ட விலைக்கு விக்கிறவர் ஓமெண்டுட்டாரு எண்டு அர்த்தம். எடுக்கலாம், சட்டத்துல தடை இல்ல. செய்யலாமா எண்டு கேட்டா அது எந்தக் கட்டத்துல கேக்கிறீங்க எண்டதப் பொறுத்தது, அதத்தான் கொஞ்சம் விரிவாச் சொல்லப்போறன்.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் ஆஃபர அக்செப்ட் பண்ணிட்டம் எண்டு சொல்றது வெறும் பேச்சுத்தான், "சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட்" (ஒப்பந்தம் எழுதினாத்தான் முடிவு) எண்ட வால் அதுல எப்பவும் தொங்கும். 1989ல வந்த சட்டப்படி வீடு காணி விக்கிற ஒப்பந்தம் எழுத்துல இருந்து ரெண்டு பக்கமும் கையெழுத்து வச்சாத்தான் செல்லும். அது நடக்கிறது எக்ஸ்சேஞ்ச் அண்டைக்கு, அதாவது கையெழுத்து வச்ச ஒப்பந்தத்த ரெண்டு பக்கமும் மாத்திக்கிற அண்டைக்கு, வழமையா 10 வீத டிபாசிட்டும் அண்டைக்குத்தான் போகும். ஆஃபருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவுல ரெண்டு மூணு மாசம் ஓடிரும், சில வீட்டுக்கு அதுக்கும் மேல, அதுக்குள்ள விக்கிறவரும் மனச மாத்தலாம் வாங்கிறவரும் மாத்தலாம், ஆரும் ஆருக்கும் ஒரு சதம் நட்டஈடு குடுக்கத் தேவல்ல. இந்த நடுவுக்குள்ள புகுந்து கூட்டிக் கேட்டுப் பறிக்கிறதத்தான் அங்க கசம்பிங் எண்டு சொல்வாங்க. ஸ்கொட்லாந்துக்குப் போனவங்க இதையெல்லாம் அப்பிடியே எடுக்காதீங்க, அங்க சொலிசிட்டர்மார் கடிதம் மாத்தி முடிக்கிற முறை, கசம்பிங் அருமை, ஒரு ஆஃபர ஏத்துக்கிட்ட பொறகு கூடின விலைக்குத் தாவ நினைக்கிற விக்கிறவருக்காக வேலை செய்யாம விலகணும் எண்டு அவங்கட சட்டத்தரணிகள் சங்கமே சொல்லி வச்சிருக்கு.

ஊர்லயும் சட்டம் கிட்டத்தட்ட இதேதான் எண்டா கனபேர் நம்ப மாட்டாங்க. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் இருக்கு, நொத்தாரிசுக்கு முன்னால ரெண்டு சாட்சியோட எழுதாத காணிப் பேச்சு கோர்ட்டுல நிக்காது. ஆனா வாழைச்சேனையில இருந்து பொத்துவில் மட்டும் எங்க போய்க் கேட்டாலும், அட்வான்ஸ் குடுத்த காணியில இன்னொருத்தன் கை வச்சா சனம் அவனோட முகம் குடுத்துக் கதைக்காது. எங்கட சனத்துக்கு அந்த வெக்கம்தான் இவ்வளவு காலமும் சட்டத்துக்குப் பதிலா நிண்டது. லண்டன்ல விக்கிறவர் ஆரெண்டும் தெரியா, மற்ற ஆள் ஆரெண்டும் தெரியா, அதால அந்த வெக்கம் வாறதுக்கு இடமே இல்லாமப் போகுது.

ஏஜென்ட்ர கதையக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. சனிக்கிழமை காலையில கோல் வரும், குரல் தேன் மாதிரி இருக்கும். "அந்த வீடு போயிட்டு சேர், ஆனா ஓனருக்கு வாங்கிற ஆள்ல அவ்வளவு திருப்தி இல்ல, நீங்க ஒரு நம்பர் சொன்னீங்க எண்டா நான் கொண்டு போய்ச் சொல்றன்." அந்த ஆள் உங்களுக்கு வேலை செய்யல்ல, விக்கிறவர்தான் அவருக்குக் கமிஷன் குடுக்கிறது. 1991ல வந்த ஒரு உத்தரவுப்படி வாற ஒவ்வொரு ஆஃபரையும் விக்கிறவருக்கு அவர் உடனே எழுத்துல சொல்லியாகணும், இனி வாறத எனக்குச் சொல்ல வேணாம் எண்டு விக்கிறவரே எழுதிக் குடுத்தாலொழிய. அதால ஏஜென்ட் நீங்க சொன்ன நம்பரக் கொண்டு போறது அவர்ர கடமை. அந்த நம்பரச் சொல்றது உங்கட கடமை இல்ல. "அவன்தானே கேட்டான், நான் சொன்னன்" எண்டு கதைக்கிறவங்களுக்கு இத நான் திருப்பித் திருப்பிச் சொல்றனான். இன்னொண்டு, இல்லாத ஆஃபர இருக்கு எண்டு சொல்லி விலை ஏத்தக்கூடாது எண்டும் அதே உத்தரவுல இருக்கு.

இப்ப என்ர தீர்ப்பு. ஆஃபர ஏத்துக்க முதல் எவ்வளவு வேணுமெண்டாலும் கூட்டிக் கேளுங்க, அது ஏலம்தான், அதுல ஒரு பாவமும் இல்ல. ஏத்துக்கிட்டாச்சு, ஆனா மற்ற ஆள் இன்னும் சொலிசிட்டரக்கூடப் புடிக்கல்ல, மாசக்கணக்கா இழுத்தடிக்கிறாரு எண்டா, நீங்க ஏஜென்ட்டுக்கு ஒரு ஈமெயில் போட்டு "இது விழுந்தா எங்களக் கூப்பிடுங்க, நாங்க இவ்வளவு தருவம்" எண்டு சொல்லி வைக்கலாம், அது காத்திருக்கிறது, பறிக்கிறது இல்ல. ஆனா மற்றவங்க சர்வே (வீட்டுட நிலைமையப் பாக்கிறது) செஞ்சு, சேர்ச்சுக்கு (வீட்டப் பத்தின பதிவுகளத் தேடுறது) காசு கட்டி, மோர்ட்கேஜ் வேலுவேஷனும் (கடன் தாறவங்க வீட்ட மதிக்கிறது) முடிஞ்சு, வாடகை வீட்டுக்கு நோட்டீசும் குடுத்து, புள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியில விண்ணப்பமும் போட்டிருப்பாங்களே, அந்தக் கட்டத்துல போய் அஞ்சாயிரத்த மேல வச்சுத் தட்டிப் பறிக்கிறது எனக்குச் சரியாப் படல்ல. சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் அவங்க கட்டின காசு ஆயிரம் பவுணுக்கு மேல போயிருக்கும், திரும்பி வராது. நைட் ஷிப்ட் செஞ்சு சேத்த காசு அது, உங்கட காசும் அப்பிடித்தானே சேந்தது.

விக்கிறவர்தானே பிழை செய்யிறாரு, நமக்கென்ன எண்டு கேப்பீங்க. ஓம், பெரிய பிழை அவர்ரதான், விலையச் சொல்லி ஓமெண்டு தலையாட்டினது அவர். ஆனா அவருக்கும் ஒரு ஞாயம் இருக்கலாம், பென்ஷன் ஆள், அதே காசிலதான் அடுத்த வீட்ட வாங்கணும், பத்தாயிரம் எண்டது அவருக்குச் சின்னக் காசில்ல. அதால நான் அவர முழுசாத் திட்டவும் மாட்டன். அவர் உங்களுக்குத்தான் தருவன் எண்டு தானா வந்து நிண்டா, மற்ற ஆள்ர சர்வேக் காசையும் சொலிசிட்டர் காசையும் குடுத்து முடிச்சிட்டு வாங்க எண்டு ஏஜென்ட் மூலம் எழுதுங்க. அதுக்கு ஓமெண்டு சொல்றவங்க குறைவுதான், ஆனா கேட்டுப் பாக்கிறதுல குறையில்ல.

இன்னொண்டு எங்கட ஆக்களுக்கு மட்டும் உள்ளது. நாம எல்லாரும் கோயில், கிராமர் ஸ்கூல், தமிழ்க் கடை எண்டு பாத்து லண்டன்ல அதே நாலு தெருவுக்குள்ளதான் வீடு தேடுறம், ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங், சட்டன் எண்டு. நீங்க பறிச்ச வீட்டுக்காரர் அடுத்த வெள்ளிக்கிழமை கோயில்ல உங்களுக்குப் பக்கத்துல நிண்டு விபூதி வாங்கலாம், ஊர் எது எண்டு கேட்டா எங்கட பக்கத்துக் குருமண்வெளி எண்டும் சொல்லலாம்.

இதே அடி உங்களுக்கு விழாமப் பாக்கிறதுக்கு முதல் மருந்து வேகம். எங்கட ஆக்கள் தாமதமாகிறது காசுக் கணக்குலதான். அக்காட சீட்டுக் காசு, மச்சான் தந்த கைமாத்து, ஊர்ல வளவு வித்த காசு எண்டு எல்லாத்தையும் ஒரே கணக்குல போட்டுட்டு நிப்பாங்க, சொலிசிட்டர் இது எங்கால வந்தது எண்டு ஒவ்வொண்டாக் கேப்பாரு, சீட்டுக்கு ஒரு துண்டும் இருக்காது, கிழமைகள் ஓடும், அந்த நேரம் பாத்து இன்னொருத்தன் கூட்டிக் கேப்பான். வீடு பாக்க முதலே காசு வந்த வழிக்கெல்லாம் பேப்பர் எடுத்து வைங்க, அன்பளிப்பாத் தந்தவரிட்டக் கடிதம் வாங்குங்க, ஊர்க்காணி வித்தது எண்டா உறுதிட கொப்பிய இங்கிலீசுல மொழிபெயர்த்து வைங்க. ஆஃபர் சரிவந்த உடனே ரைட்மூவ்ல (வீட்டு விளம்பரம் போடுற இணையத்தளம்) "சோல்ட்" எண்டு மாத்தச் சொல்லுங்க, வீடு காட்டுறத நிப்பாட்டச் சொல்லுங்க, அதையும் ஈமெயில்லயே கேளுங்க.

லொக்அவுட் எண்டு ஒரு ஒப்பந்தமும் இருக்கு, இத்தனை நாளைக்கு வேற ஆரோடயும் பேச மாட்டன் எண்டு விக்கிறவர் தாற வாக்கு. 1993ல அப்பீல் கோர்ட்டுல ஒரு வழக்கு, 2 லட்சம் பவுணுக்குப் பேசி முடிச்ச வீடு, போட்டிக்கு இன்னொரு ஆள் நிக்கிறதால வாங்கிறவர் ரெண்டு கிழமைக்கு அப்பிடி வாக்கு வாங்கி வச்சிருந்தாரு, விக்கிறவர் அந்தக் கெடுவுக்குள்ளயே மற்ற ஆளுக்கு 2 லட்சத்து 10 ஆயிரத்துக்குக் குடுத்துட்டாரு. வாக்கு செல்லும் எண்டு தீர்ப்பு வந்தது. ஆனா வீடு கிடைக்காது, நட்டஈடுதான். நாள் கணக்குப் போட்டு, சொலிசிட்டரக் கொண்டு எழுதினாத்தான் இதுக்குப் பெறுமதி.

கடசியா, உழைச்சு ஊர்ல காணி வாங்க நினைக்கிறவங்களுக்கு, இதுலதான் எனக்குக் கோவம். கல்லடி கடக்கரைப் பக்கம் ஒரு டீச்சர் மகளுக்கு வீடு கட்டிக் குடுக்கணும் எண்டு 10 பேர்ச்சஸ் துண்டுக்கு அட்வான்ஸ் குடுத்து, வங்கி லோன் வாறதுக்கு மூணு மாசத் தவணை கேட்டிருப்பாங்க. அதுக்குள்ள புரோக்கர் வெளிநாட்டுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுவான், அங்க இருந்து ஒருத்தர் பவுணக் கணக்குப் பாத்து "ஒரு பத்து லட்சம் ரூவா கூட்டிக் குடுத்து உறுதிய முடி" எண்டு தம்பிக்குச் சொல்லுவாரு, கிழமைக்குள்ள முடிஞ்சிரும், டீச்சரிட அட்வான்ஸ் உறையில போட்டுத் திரும்பி வரும், அதே விலைக்கு அந்தப் பக்கம் பொறகு அவங்களுக்கு ஒரு துண்டும் வராது. லண்டன்ல நீங்களும் மற்ற ஆளும் கிட்டத்தட்ட ஒரே சம்பளக்காரர், இங்க அப்பிடி இல்ல.

துண்டுக் கடதாசியில எழுதிக் குடுத்த அட்வான்ஸ் காணிப் பதிவகத்துல தேடினாலும் தெரியாது. புரோக்கரிட்டக் கேட்டும் வேலையில்ல. தம்பிய அனுப்பி வளவுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற வீட்டுல கேக்கச் சொல்லுங்க, ஆரு அட்வான்ஸ் குடுத்தது, எப்ப குடுத்தது, தவணை எண்டைக்கு முடியுது எண்டு அவங்களுக்குக் கட்டாயம் தெரியும். தவணை முடிய இன்னும் நாள் கிடந்தா, காச அனுப்பாம வச்சிருங்க.