ஃபேமிகாம் வரம்புக்குள் ஒரு விளையாட்டை வடிவமைக்கும் முறை

நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட வீட்டு வீடியோ கேம் கருவியான ஃபேமிகாமுக்கு இன்றும் ஆர்வலர்கள் புதிய விளையாட்டுகளை எழுதி வருகிறார்கள். அந்த முயற்சியில் இறங்குபவர், கதையையும் பாத்திரங்களையும் முடிவு செய்வதற்கு முன்பே கருவியின் அளவுகளை எழுதிக் கண்முன் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பணிக்கான நினைவகம் 2 கிலோபைட். திரை 256க்கு 240 பிக்சல். ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய ஸ்பிரைட்கள், அதாவது பின்னணிக்கு மேல் தனியே நகரும் எட்டு பிக்சல் அகலச் சிறு படங்கள், 64. ஒரு கிடைக்கோட்டில் தெரிபவை 8 மட்டுமே.

நாயகனைக் கட்டம் போட்ட தாளில் வரையத் தொடங்குங்கள். பின்னணி தெரியும் பகுதி போக, ஒரு ஸ்பிரைட்டுக்கு மூன்று நிறங்களே கிடைக்கும். 1981இல் வந்த டாங்கி காங் என்ற ஆர்கேட் விளையாட்டில் இதே நெருக்கடியைச் சந்தித்த அதன் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ, முடியை வரையாமலிருக்கத் தொப்பியையும், வாய்க்குப் பதில் மீசையையும், கையசைவு துலங்க மாறுபட்ட நிற உடையையும் தந்தார். மாரியோவின் முகம் அப்படித்தான் பிறந்தது. ஆகவே எந்த உறுப்பு தெரியாவிட்டால் அசைவு புரியாதோ, அதற்கே பிக்சலைச் செலவிடுங்கள்.

அடுத்து டைல்கள், அதாவது படங்களைக் கட்டும் சிறு சதுரத் துண்டுகள். எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒரு டைல் 16 பைட் இடம் பிடிக்கும். நிறம் அதில் அடங்காது, தனியே குறிக்கப்படும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வெள்ளை மேகமும் பச்சைப் புதரும் ஒரே டைல்களாக இருப்பது இதனால்தான். அதே விளையாட்டின் கூம்பா என்ற எதிரி, ஒரே படத்தை இடம்வலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டியே நடக்கிறது. இப்படித் திருப்பும் வசதி ஸ்பிரைட்களுக்கு மட்டுமே உண்டு, பின்னணி டைல்களுக்கு இல்லை என்பதை வரையும்போதே நினைவில் கொள்ளுங்கள்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் எட்டு ஸ்பிரைட் வரம்பு. 16 பிக்சல் அகலமுள்ள உருவம் ஒரு கோட்டில் இரண்டு ஸ்பிரைட்களைப் பிடிப்பதால், நாயகனும் மூன்று எதிரிகளும் ஒரே மட்டத்தில் நின்றாலே கோடு நிரம்பிவிடும். அதன்பின் எறியப்படும் கல் கண்ணில் படாது. ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், ஸ்பிரைட்களின் வரிசையை மாற்றிச் சிமிட்டவிடுவது வழக்கமான தீர்வு. எதிரிகளை வெவ்வேறு உயரத் தளங்களில் நிறுத்துவதே மேலானது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் அப்போது ஏறி இறங்க வேண்டிய கட்டாயம் ஆட்டத்துக்கும் சுவை கூட்டுகிறது.

கருவியின் மையச் செயலி திணறும் இடத்தையும் உடனே திருத்திவிடாதீர்கள். 1978இல் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஒரு பிரேமுக்கு ஓர் எதிரி மட்டுமே நகரும். 55 பேரும் இருக்கையில் அணி ஊர்கிறது, ஒருவன் மிஞ்சும்போது பாய்கிறான். அந்த வேகமாற்றத்தை அவர் அப்படியே விட்டதால்தான் ஆட்டம் முடிவை நோக்கிச் சூடுபிடிக்கிறது.

பழைய கருவியைப் போலக் கணினியில் நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் சோதிக்கும்போது ஸ்பிரைட் வரம்பை நீக்கும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். இல்லையேல் உண்மையான கருவியில் மறைந்துபோகும் கல் உங்கள் கணினியில் தெளிவாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.