குதிரையோடு ஏரிக்கரையில் முகாம்: இரவை முதலில் திட்டமிடுங்கள்

ஏரியும் காட்டுப்பாதையும் உள்ள இடத்தில் குதிரையோடு இரண்டு மூன்று நாள் தங்கலாம் என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து எந்தப் பாதையில் சவாரி போகலாம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். சவாரி ஒரு நாளில் சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் குதிரை பழக்கமில்லாத இடத்தில் நிற்கப்போகிறது, அதில் பாதி இருட்டில். அது எங்கே நிற்கும், என்ன தின்னும், எங்கே தண்ணீர் குடிக்கும் என்பதை முடிவு செய்துவிட்டு அப்புறம் பாதைக்கு வாருங்கள்.

எல்லா முகாம்களிலும் குதிரைக்கு அனுமதி கிடையாது, ஏரியை ஒட்டிய பாதைகள் சில நடப்பவர்களுக்கு மட்டுமே. இடத்தை நிர்வகிப்பவர்களிடம் போனிலேயே கேட்டுவிடுங்கள்: டிரெய்லரைத் திருப்ப இடம் இருக்கிறதா, தண்ணீர் குழாயிலா ஏரியிலா, மரத்தில் கட்டலாமா, குதிரைக்கு என்ன மருத்துவச் சான்று வேண்டும், வெளியிலிருந்து புல் கொண்டுவரலாமா. பலர் கேட்க மறப்பது புல்லைப் பற்றித்தான். சாணத்தின் வழியே களை விதை காட்டுக்குள் பரவும் என்பதால், களை விதை இல்லை என்று சான்று பெற்ற புல்லை மட்டும் அனுமதிக்கும் இடங்கள் உண்டு. தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் குதிரைக்குக் குடல்வலி வரும். அதனால் ஒரு வாரம், பத்து நாள் முன்பே புதுப் புல்லைப் பழையதோடு கலக்க ஆரம்பித்து, கடைசி மூன்று நாள் அதை மட்டுமே போடுங்கள். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 9 கிலோ வரை காய்ந்த புல் வேண்டும். ஒரு நாளுக்கானதைக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இரவில் கட்டுவது. இரண்டு உறுதியான மரங்களுக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேல் இருக்கும் உயரத்தில், ஒரு கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டி, அதிலிருந்து குதிரையின் கயிற்றைத் தொங்கவிடுவதுதான் எனக்குத் தெரிந்து நல்ல முறை. தனி மரத்தில் கட்டினால் குதிரை சுற்றிச் சுற்றி வந்து சிக்கிக்கொள்ளும், வேரையும் மிதித்து மரத்தைக் கெடுக்கும். மரப்பட்டை அறுபடாமல் இருக்க அகலமான பட்டைவாரைச் சுற்றி, அதில் கயிற்றை மாட்டுங்கள். குதிரை தலையைத் தாழ்த்திப் புல் தின்ன முடிய வேண்டும், ஆனால் காலைத் தூக்கி உள்ளே விடும் அளவுக்குத் தொய்வு இருக்கக் கூடாது. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். பக்கத்தில் இருப்பவை என்ன செடி, என்ன மரம் என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள், அரளி போன்றவற்றின் இலை கொஞ்சம் தின்றாலே உயிர் போய்விடும். முக்கியமாக, இதையெல்லாம் வீட்டிலேயே ஓர் இரவு முழுக்கப் பழக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இப்படி நிற்கப் பழகாத குதிரையைக் காட்டுக்குக் கொண்டுபோவது அதற்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஏரி பக்கத்தில் இருக்கிறதே என்று தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடாதீர்கள். குதிரை ஒரு நாளைக்குக் குறைந்தது 20 லிட்டர் முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், வெயிலிலும் சவாரியிலும் இன்னும் அதிகம். தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது போலப் பாசி மிதந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், சில வகைப் பாசியின் நச்சு குதிரையைக் கொன்றுவிடும். சேற்றுக் கரையில் குளம்பு புதைந்துவிடும், கல்லும் மணலும் கலந்த உறுதியான கரையாகப் பாருங்கள். தலை மேலே தூக்காதபடி இழுத்துப் பிடிக்கும் வார் பூட்டியிருந்தால் தண்ணீரில் இறங்கும் முன் கழற்றிவிடுங்கள், ஆழத்தில் கால் எட்டாமல் போனால் மூக்கை மேலே வைத்தால்தான் அதற்கு மூச்சு. நின்று காலால் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தால் படுத்துப் புரளப் போகிறது என்று அர்த்தம், உடனே நடத்திவிடுங்கள். கூடாரத்தையும் குதிரை கட்டும் இடத்தையும் கரையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி வைத்து, வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். ஊர்த் தண்ணீர் மாறினால் குடிக்காத குதிரைகள் உண்டு, அவற்றுக்கு வீட்டுத் தண்ணீரையும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சுமையில் தாராளம் வேண்டாம். சேணம், பை, சவாரி செய்பவர் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. லாடத்தைக் கிளம்பும் முந்தின நாள் அடிக்காமல் ஒரு வாரம் முன்பே அடித்துவிடுங்கள், ஆணி தப்பாக இறங்கியிருந்தால் அதற்குள் நொண்டலில் தெரிந்துவிடும். குறுகிய பாதையில் நடப்பவர்கள் எதிரே வந்தால் சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நின்று பேசிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரள்வது குறையும்.

ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். உங்கள் குதிரைக்கு எவ்வளவு என்று வீட்டிலேயே எண்ணி வையுங்கள். அது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, புல்லைத் தொடாவிட்டாலோ, சாணம் போடாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், காட்டில் சிக்னல் எந்த இடம்வரை கிடைக்கிறது என்பதையும் வரும்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது குளம்பு பறித்த குழியை மூடி, அந்த இடத்தின் விதி எப்படியோ அப்படிச் சாணத்தை அள்ளுங்கள் அல்லது கரையிலிருந்து தள்ளிப் பரப்பிவிடுங்கள். சிந்திய புல்லையும் விடாமல் அள்ளி வண்டியில் போடுங்கள்.