குறில் நெடில் தெரிந்தால் குபே பாதி வந்த மாதிரி

எத்தியோப்பியாவில் ஒரோமோ மொழி பேசும் ஜிம்மா ஊரில் வாத்தியார் வேலைக்குப் போய் இறங்கிய வாரம், கடைப் பலகைகளைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். எல்லாம் ஏ, பி, சி, டிதானே, அந்நாட்டின் இன்னொரு மொழியான அம்ஹாரிக் மாதிரி புது எழுத்துப் படிக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். கடையில் வெண்ணெய் கேட்கும்வரைதான் அந்த நினைப்பு.

ஒரோமோ மொழியின் லத்தீன் எழுத்துமுறைக்கு 'குபே' என்று பெயர். 1991 நவம்பரில் முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன் பெரும்பாலும் அம்ஹாரிக் எழுதும் கீஸ் எழுத்துதான். 1899-இல் வந்த ஒரோமோ பைபிளும் அதில்தான். கீஸில் ஒரு மெய்க்கு 7 உயிர்மெய் வடிவம்தான். ஒரோமோவுக்கோ 5 குறில், 5 நெடில். சட்டை எப்படிப் பொருந்தும்?

அந்தப் பத்தும் நம் அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ தான். ஒரு உயிரெழுத்து இருந்தால் குறில், அதையே இரண்டு முறை எழுதினால் நெடில். 'லஃப' என்றால் தரை, 'லாஃபா' என்றால் மென்மையானது. முதல் நாள் இதை மட்டும் பழகுங்கள். இரண்டு 'ஓ' வந்தால் இங்கிலீஷ் பழக்கத்தில் 'ஊ' என்று வாய் போகும். அடக்குங்கள், அது ஓ.

அடுத்து ஒற்று. ஒரு 'டி' போட்டால் 'ஸொடா', பயம். இரண்டு போட்டால் 'ஸொட்டா', கல்யாண வழி உறவுக்காரர். (இரண்டும் ஒன்றுதான் என்பவர்களும் உண்டு.) இந்த 'ட்ட'வைப் பட்டு மாதிரி வல்லெனச் சொல்லாமல் லட்டு மாதிரிச் சொல்ல வேண்டும்.

இனி ஏமாற்றும் எழுத்துகள். 'எக்ஸ்' இங்கே 'க்ஸ்' இல்லை. மூச்சைத் தொண்டையில் நிறுத்தி 'ட்' என்று தெறிக்க விடும் ஒலி. டாக்ஸி என்ற சொல்லிலேயே எக்ஸ் கிடையாது, கே-எஸ் போட்டுத்தான் எழுதுவார்கள். 'க்யூ' அப்படித் தெறிக்கும் 'க்'. தனி 'சி' தெறிக்கும் 'ச்'. 'சி-எச்' நம் பச்சையில் வரும் சாதாரண 'ச்'.

என் காலை வாரியது 'டி-எச்'. நம் ஊரில் தனுஷுக்குப் போடுவது போல 'த' என்று நினைத்து, வெண்ணெய்க்கு 'ததா' என்றேன். கடைக்கார அம்மா விழித்தார். வீட்டுக்காரர் பையன்தான் கற்றுக்கொடுத்தான்: நாக்கை 'ட'வுக்கு மடித்துக்கொண்டு, காற்றை வெளியே தள்ளாமல் உள்ளே இழுக்க வேண்டும். தொண்டை கீழே இறங்குவதை விரல் வைத்தால் உணரலாம். எனக்கு இரண்டு வாரம் ஆனது.

சொல் நடுவில் வரும் மேற்கோள் குறிக்கு 'ஹுடா' என்று பெயர். ஆடு என்பதை 'ரெ', ஹுடா, நெடில் 'ஏ' என்று எழுதுவார்கள். நாம் பழக்கதோஷத்தில் உடம்படுமெய் போட்டு 'ரெயே' என்போம். கூடாது, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும்.

எழுதப் பழக மளிகைச் சீட்டு போதும். காபி, வெண்ணெய், தண்ணீர் என்று மூன்றே வார்த்தை எழுதிப் பையனிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். தண்ணீருக்கான 'பிஷான்' என்பதில், எச்சுக்கும் என்னுக்கும் நடுவே இருந்த 'ஏ'வுக்குப் பக்கத்தில் இன்னொரு 'ஏ'வை நெருக்கிச் செருகிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.